இரட்டை வீட்டுக்கு இரண்டு பட்டா: ‘தமிழ்நிலம்’ உட்பிரிவுச் சேவை எப்படி?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். மனுப் போடும் வசதிக்கு 5-க்கு 4. போட்ட மனு பட்டாவாகி வருகிற பாதைக்கு 5-க்கு இரண்டரை. குறைந்துபோன மதிப்பெண்ணில் பாதியைத்தான் இணையதளத்தின் தலையில் கட்ட முடியும். மீதி, மனுவுக்கு முன்பே எழுதி முடித்துவிட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின் கோளாறு. பத்திரத்தில் சொத்து விவரம் ஒழுங்காக இருந்தால் இந்தச் சேவை நன்றாகவே ஓடும். அது கோணலாக இருந்தால் எத்தனை முறை மனுப் போட்டாலும் நிராகரிப்புதான் வரும்.

இங்கே மதிப்பிடுவது தமிழ்நாடு அரசின் ‘தமிழ்நிலம்’ குடிமக்கள் தளத்தில் உள்ள ‘உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல்’ (ஒரு புல எண்ணை, அதாவது சர்வே எண்ணைப் பிரித்துத் துண்டுக்கொரு எண் கொடுப்பது) என்ற ஒரு சேவையை மட்டும். அதிலும், ஒரே மனையில் நிற்கும் இரண்டு வீடுகளைக் கூடப்பிறந்தவர்கள் பிரித்து ஆளுக்கொரு பட்டா வாங்குகிற வேலைக்கு அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்று. காலி மனையைப் பிரிப்பதைவிட இது சிக்கல் பிடித்த வேலை. நடுவில் ஒரே சுவர், தலைக்கு மேல் ஒரே கான்கிரீட் தளம், மண்ணுக்குக் கீழே ஒரே செப்டிக் டேங்க்.

கீழ்வீடு ஒருவருக்கு, மேல்வீடு ஒருவருக்கு என்று பிரித்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தச் சேவை உங்களுக்கானது அல்ல. பட்டா நிலத்துக்குத் தரப்படுவது, மாடிக்கு அல்ல. மேல்வீட்டுக்காரருக்குக் கிடைப்பது நிலத்தில் பிரிபடாத பாகம், வழக்கில் யூ.டி.எஸ். என்பார்கள். அதற்கு உட்பிரிவு இல்லாத மனுப் போட்டு இருவர் பெயரையும் கூட்டுப் பட்டாவில் ஏற்றலாம், அவ்வளவே. வீட்டை இடித்துக் கட்டுவதென்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். மொட்டைமாடி யாருக்கு, எதிர்காலத்தில் இன்னொரு தளம் எழுப்பும் உரிமை யாருக்கு என்று பத்திரத்தில் எழுதாமல் விட்டால் சண்டை நிச்சயம். ‘தனிப்பட்டா வாங்கித் தருகிறேன்’ என்று மாடி வீட்டுக்கு யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

தரையிலிருந்து மொட்டைமாடி வரை பக்கவாட்டில் பிரிந்த வீடுகளுக்குத்தான் உட்பிரிவு. கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி உள்ள ஒரு கிரவுண்டு மனையை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுரடி. பட்டாவில் இது 223 சதுர மீட்டர், அதாவது 2.23 ஏர் என்று இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்று சொல்லக் காரணம், பல இடங்களில் அப்படி இருப்பதில்லை. பழைய பத்திரத்தில் 2,400 சதுரடி, பட்டாவிலோ 2.20 ஏர். அது 2,368 சதுரடிதான் வரும். பத்திரம் எழுதுபவர் பழைய பத்திரத்தைப் பார்த்து ஆளுக்கு 1,200 என்று எழுதிவிடுவார். சர்வேயர் வந்து அளந்தால் தரையில் 32 சதுரடியைக் காணோம். பதிவேட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக அவரால் உட்பிரிவு போட முடியாது. மனு திரும்பிவிடும்.

ஆகவே பத்திரத்துக்கு முன்பே அளந்துவிடுவது உத்தமம். எல்லை காட்டச் சொல்லிக் கேட்கும் நில அளவை மனுவை ஊரில் எஃப்-லைன் மனு என்பார்கள். இதையும் இப்போது இணையத்தில் போடலாம்; கட்டணம் தனி. தனியார் சர்வேயரை வைத்து அளந்து படம் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. ஆனால் அவர் போட்ட கோட்டை அரசு நில அளவர் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கிறாரா, அல்லது காம்பவுண்டுச் சுவரை மட்டும் நம்பி டேப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது ரகம் என்றால் அந்தப் படத்தால் பயனில்லை.

அடுத்தது நடுச்சுவர். பெரும்பாலும் 9 அங்குலச் சுவர்தான். எல்லை சுவரின் மையமா, கிழக்கு முகமா, மேற்கு முகமா? பத்திரத்தில் ‘பொதுச்சுவர்’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருப்பார்கள். 60 அடி நீளத்துக்கு 9 அங்குலச் சுவர் உட்காரும் இடம் மட்டும் 45 சதுரடி. மையக்கோடு என்று எழுதினால் ஆளுக்கு இருபத்திரண்டரை சதுரடி. எழுதாவிட்டால் சர்வேயர் தனக்குத் தோன்றிய முகத்தில் டேப் பிடிப்பார், ஒருவர் பாகம் கூடி மற்றவர் பாகம் குறையும், குறைந்தவர் ஆட்சேபணை கொடுப்பார். அங்கேயே மனு நின்றுவிடும்.

சொத்து விவரத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் போதும்: ‘நடுவில் தென்வடலாக உள்ள 9 அங்குலப் பொதுச்சுவரின் மையக்கோட்டுக்கு மேற்கு, சாலைக்கு வடக்கு, இந்த மால் (எல்லை) மத்தியில் கிழமேல் இருபுறமும் 20 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக 1,200 சதுரடி மனையும் அதிலுள்ள கட்டடமும்.’ அதோடு, அந்தச் சுவரில் புதிதாக பீம் செருகுவது, சுவரை உயர்த்துவது, ஒருவர் இடித்துக் கட்டும்போது மற்றவர் பக்கத்தைத் தாங்கி நிறுத்துவது ஆகியவற்றுக்கும் நான்கு வரி வேண்டும். எதிர்ப்பக்கத்துக்குள் நீளும் சன்ஷேடு, மழைநீர்க் குழாய், போர்வெல், மோட்டார், மேல்நிலைத் தொட்டி, செப்டிக் டேங்க் இவற்றில் எது யாருக்கு, எது பொது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘மாமூல் பாத்தியங்கள் உள்பட’ என்ற வழக்கமான வாசகம் இதையெல்லாம் தாங்காது. பட்டாவுக்கு இவை தேவையில்லைதான். ஆனால் பிரிந்த பிறகு கோர்ட்டுக்கு இழுத்துப் போவது இவைதான்.

மனையை முன்பாதி, பின்பாதி என்று குறுக்கே பிரிப்பவர்களுக்கு வழி வேண்டும். அதே 40-க்கு 60 மனையில் முன்பாதியின் ஓரமாக 4 அடி அகலம், 30 அடி நீளத்துக்கு நடைபாதை விட்டால் 120 சதுரடி. முன்பாகம் 1,080, பின்பாகம் 1,200, பாதை 120. பாதையை முன்பாகத்துக்குள்ளேயே வைத்து ‘நடக்கும் உரிமை உண்டு’ என்று எழுதுவதைவிட, பாதையை மூன்றாவது உட்பிரிவாகப் பிரித்து இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குவது நல்லது. நாளைக்கு முன்வீட்டை விலைக்கு வாங்குபவர் புலப்படத்தைப் பார்த்தவுடன் பாதை கண்ணில் படும். கேட் போட்டு மறிக்க வாய்ப்பு குறைவு. 4 அடியில் பைக் போகும், கார் போகாது என்பதையும் எழுதுவதற்கு முன்பே இருவரும் யோசித்துக்கொள்ளட்டும்.

பணக் கணக்கு. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை பாகத்தின் மதிப்பில் 1 சதவீதம், ஒரு பாகத்துக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. அதற்கு முன் 25,000, 4,000 என்று இருந்தன. 30 லட்சம் மதிப்புள்ள பாகத்துக்கு 30,000 தீர்வை, 10,000 பதிவுக் கட்டணம், ஆக 40,000. மதிப்பு என்பது மனைக்கு வழிகாட்டி மதிப்பு, அதன் மேல் கட்டடத்தின் மதிப்பும் சேர்ந்தது. கட்டடத்தைக் குறைத்துக் காட்டினால் கள ஆய்வில் கூடுதல் தீர்வை கேட்பார்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள் கூட்டாக வாங்கிய வீடு என்றால் தீர்வை 4 சதவீதம், உச்சவரம்பும் கிடையாது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து வில்லங்கச் சான்றில் எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதன் பதிவு) தெரிந்தால், அதை ரசீதுப் பத்திரம் போட்டு முடித்துவிட்டுப் பிரிப்பதே சரி.

சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பலர் கவனிக்காத ஒரு திருப்பம் வருகிறது. பதிவின்போதே ‘உட்பிரிவு உண்டா, இல்லையா’ என்று விவரம் ஏற்றப்படுகிறது. உண்டு என்றால் உட்பிரிவுக் கட்டணத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு மனுவை வருவாய்த் துறைக்குத் தானாக அனுப்பிவிடுவார்கள். இல்லை என்று ஏற்றிவிட்டால் சொத்து பெயர் மாற்றத்துக்கு மட்டும் போய்விடும், பழைய எண்ணிலேயே இருவருக்கும் கூட்டுப் பட்டா வந்து நிற்கும். பட்டா வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு, வீட்டை விற்கப் போகும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் பெயரும் அதில் இருப்பது தெரியவரும். ஆவண எழுத்தர் விவரம் ஏற்றும்போது பக்கத்தில் நின்று அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறிப்போயிருந்தால் தமிழ்நிலம் தளத்தில் புதிதாக உட்பிரிவு மனுப் போட்டால் போதும், பத்திரத்தைத் தொட வேண்டியதில்லை.

இனி தளம். கைப்பேசி எண்ணில் ஓடிபி வாங்கிப் பதிவு செய்து உள்ளே போகலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண், பத்திர எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றைக் கொடுத்து, பத்திரத்தை பிடிஎஃப்பாக ஏற்றி, கட்டணத்தை இணையத்திலேயே கட்டலாம். சொந்த ஊருக்குப் போகாமல் துபாயில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று மனுவுக்கு எண் வாங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. 4 மதிப்பெண் இதற்குத்தான். உட்பிரிவுக் கட்டணம் கிராமப்புறத்தில் ஒன்றுக்கு 400 ரூபாய், நகராட்சியில் 500, மாநகராட்சியில் 600. நடைபாதையைத் தனியாகப் பிரிப்பவர்கள் மூன்றுக்குக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளட்டும். மனுச் செலவு 60 ரூபாய் தனி.

ஸ்கேனர் கைவசம் இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். அங்கே கவனிக்க வேண்டியது விவரம் ஏற்றுபவரின் அவசரம். உட்பிரிவு உள்ளது, அல்லாதது என்ற இரண்டு தேர்வுகளில் எதைத் தட்டுகிறார் என்று பார்த்துவிட்டு ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள்.

நகரங்களில் ஒரு கூடுதல் தலைவலி உண்டு. பழைய பத்திரத்தில் கிராம சர்வே எண் இருக்கும், இப்போதைய பதிவேடு நகர அளவையில் வார்டு, பிளாக், நகரளவை எண் என்று மாறியிருக்கும். பாகப்பிரிவினையில் பழைய எண்ணை மட்டும் எழுதியிருந்தால், இந்த இடம்தான் அந்த இடம் என்று நிரூபிக்கத் தனியாக அலைய வேண்டும். பத்திரத்தில் இரண்டு எண்ணையும் ‘பழைய எண், தற்போதைய எண்’ என்று சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். அதேபோல், மனைப்பிரிவில் வாங்கிய வீடு என்றால் பட்டாவில் உங்கள் மனை மட்டும் இருக்கிறதா, அல்லது மொத்தப் புல எண்ணும் பத்துப் பதினைந்து பேர் பெயரில் கூட்டாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூட்டாக இருந்தால் முதலில் உங்கள் மனையைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதன் பிறகே வீட்டைப் பிரிக்கும் பேச்சு.

மனு போன பிறகு நடப்பதெல்லாம் இணையத்துக்கு வெளியே. நில அளவர் தேதி சொல்லி, பக்கத்து நிலத்தாருக்கும் தகவல் கொடுத்து, நேரில் வந்து அளக்க வேண்டும். அவர் போடும் உட்பிரிவுப் படத்தை மேலே சரிபார்த்து, வட்டாட்சியர் ஒப்புதல் கொடுத்தால்தான் புது எண் விழும். 125/3 என்பது 125/3ஏ, 125/3பி என்று பிரியும். துறையின் கணக்கில் உட்பிரிவு இல்லாத மனுவுக்கு 15 நாள், உட்பிரிவு மனுவுக்கு 30 நாள். ஒரு நில அளவர் கையில் பல கிராமங்கள் இருக்கும்போது 30 நாள் என்பது பல வட்டங்களில் காகிதத்தில் மட்டும்தான். அளக்க வரும் நாளில் இரண்டு வீட்டுக்காரரும் இருப்பது அவசியம். இரண்டு வீட்டுக் கதவும் திறந்திருக்கட்டும், பின்பக்கம் மூலைக்கல் தெரியும்படி செடி, விறகு, பழைய சாமான்களை நகர்த்தி வையுங்கள். மூலை எட்டாவிட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார், அடுத்த முறை எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

மீட்டர் கணக்கில் மாற்றும்போது சிறு வித்தியாசம் வரும். 1,200 சதுரடி என்பது 111.48 சதுர மீட்டர். கிராமப் பட்டாவில் சதுர மீட்டருக்குக் கீழே போக இடமில்லாததால் ஒருவருக்கு 1.11 ஏர், மற்றவருக்கு 1.12 ஏர் என்று விழலாம். இதற்காக மேல்முறையீடு வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிடுங்கள், பத்திரத்தில் அடிக்கணக்கு அப்படியே இருக்கிறது.

நிராகரிப்புக் காரணம் தளத்தில் ஒரே வரியில் வரும், சேவையின் மோசமான இடம் இதுதான். ‘ஆவணங்கள் சரியில்லை’ என்றால் எந்த ஆவணம்? ‘பரப்பு முரண்பாடு’ என்றால் எத்தனை சதுர மீட்டர்? அளந்த படத்தை மனுதாரருக்கே காட்டிவிட்டால் பாதிப் பேர் அதே வாரத்தில் சரிசெய்துவிடுவார்கள். இப்போதைக்கு, அளந்தவரிடமே நேரில் கேட்டு அளவுகளைக் குறித்துக்கொள்வதுதான் வழி. பரப்பு முரண்பாடு என்றால் இருவரும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் பதிந்து மறுபடி மனுப் போட வேண்டும். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுகளைத் தலைமுறை வரிசையில் கோத்து வைக்க வேண்டும். இனிஷியல் மாறியிருப்பது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அடிக்கடி மனுவைத் தடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வட்டாட்சியர் மறுத்தால் 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. சொத்தில் உரிமையே தகராறு என்றால் இவர்கள் யாரும் தீர்க்க மாட்டார்கள், சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்வார்கள். பட்டா வருவாய்ப் பதிவு மட்டுமே. உரிமையை நிலைநாட்டுவது பத்திரம்.

திட்ட அனுமதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பட்டா வந்துவிட்டதால் இரண்டு தனி மனைக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வீட்டின் வரைபட அனுமதி முழு மனைக்கு வாங்கியது. பக்கவாட்டில் விட்ட காலியிடமும் முழு மனையின் கணக்குதான். பிரிந்த பிறகு 20 அடி அகல மனையில் இடித்துக் கட்டப்போனால் அந்த மனைக்குத் தனியாகப் பக்க இடைவெளி கேட்பார்கள், கட்டக்கூடிய அகலம் சுருங்கிவிடும். மனையை உட்பிரிவு செய்ய அனுமதி வாங்கினீர்களா என்ற கேள்வியும் வரலாம். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவைத் தடுப்பதால், மனையின் ஒரு துண்டைக் காலியிடமாகப் பிரித்து விற்க நினைப்பவர்கள் இதைப் பத்திரத்துக்கு முன்பே உள்ளாட்சியில் கேட்டுவிட வேண்டும். அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்கப் போகிறவர்களுக்கு இப்போதைக்குத் தொல்லை இல்லை.

புதுப் பட்டா இணையத்தில் ஏறியதும் க்யூஆர் குறியீட்டோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பட்டாவோடு நிறுத்தாமல் புலப்படத்தையும் இறக்கி, நடுச்சுவர்க் கோடு அதில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டாவில் எண் பிரிந்தும் படத்தில் பிரியாமல் கிடக்கும் கேஸ்கள் உண்டு. அடுத்து வாங்குபவரின் வங்கி வக்கீல் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான். பிறகு பத்திர நகலையும் பட்டாவையும் கொடுத்து உள்ளாட்சியில் சொத்து வரி எண்ணைப் பிரிக்க வேண்டும். அந்த ரசீது கையில் வந்த பிறகு மின்வாரியத்தில் பெயர் மாற்றமும், ஒரே மீட்டரில் ஓடும் வீடு என்றால் இரண்டாவது வீட்டுக்குப் புது இணைப்பும். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் இதைத் தள்ளிப்போட யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் பழைய மீட்டரிலிருந்து நடுச்சுவரைத் துளைத்துப் போகும் ஒயர்களை எலக்ட்ரீஷியனை வைத்து முழுக்கத் துண்டித்த பிறகே அந்த விண்ணப்பத்தைப் போடுங்கள். ஆய்வுக்கு வருபவர் பார்ப்பது அதைத்தான்.